கணியம்பாடிக்காரருக்கு வரலாற்று உணர்வு இல்லையாம்!

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு நடுகல்லோ கல்வெட்டோ செய்தித்தாளில் ஏறினால், அந்தச் செய்தியின் கடைசிப் பத்தியைப் படிக்காமலே சொல்லிவிடலாம். பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கல்லின் அருமை தெரியவில்லை, அரசு உடனே பாதுகாக்க வேண்டும். வரலாற்று ஆர்வலர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனால் இதே பேச்சு இன்னும் காரமாக வரும். தமிழனுக்கு வரலாற்று உணர்வே கிடையாது. நடுகல்லில் துணி துவைப்பான், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பான், தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் விழிப்பான். மேடையில் இருப்பவர் வருத்தத்தோடு சொல்வார். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் வருத்தத்தோடு தலையாட்டுவார்கள். அந்தத் தமிழனில் தாங்கள் சேர்த்தி இல்லை என்கிற திருப்தியும் அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் இருக்கும்.

இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். விடுமுறை நாளில் சொந்தச் செலவில் மலையேறி, முள் கிழித்து, கல்லைக் கழுவி, மாவு தடவி எழுத்தைப் படிக்கிறவர்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நல்லவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதாலேயே ஒரு தவறான கருத்து நிலைத்துவிடுகிறது. மக்களுக்குக் கடந்த காலத்தில் அக்கறை இல்லை என்பது அப்படிப்பட்ட கருத்து. வேலூர் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் அது தவறு என்பது மட்டுமல்ல, பழி போட வேண்டிய இடத்தை மாற்றிவிடுகிற தவறு என்பதும் தெரியும்.

இந்தப் பேச்சின் வம்சாவளியை முதலில் பார்க்கலாம். 1817இல் ஜேம்ஸ் மில் பிரிட்டிஷ் இந்திய வரலாறு எழுதினார். இந்தியாவில் கால் வைத்ததில்லை, இந்திய மொழி ஒன்றும் தெரியாது. இந்தியர்களுக்கு வரலாறு எழுதத் தெரியாது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதே காலகட்டத்தில் இங்கே காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி இருந்தார். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்ற உள்ளூர் உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, மக்கள் சொன்ன ஊர்க்கதைகளையும், கோயில் கணக்குகளையும், பாளையக்காரர் பரம்பரைகளையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். அதில் ஒரு பெரும் பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. கேட்கப் போனவர்களுக்கு ஊர் சொன்னது. கேட்காதவர் ‘இவர்களிடம் எதுவும் இல்லை’ என்று எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து நம் ஆர்வலர் மேடைகளில் மெக்கன்சியின் வேலையைச் செய்துகொண்டே மில்லின் வசனத்தைப் பேசுகிறோம்.

சரி, நடுகல்லுக்கு வருவோம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது. பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்துக் கற்கள் அதில் உண்டு. தமிழ் எழுத்து வரலாற்றுக்கு அது ஒரு புதையல். அந்தத் தொல்லியல் துறையே 1961இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அந்தக் கற்களுக்குக் காவல் இருந்தது யார்? வேடியப்பன் என்று பெயர் சொல்லி, எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிட்ட ஆடு மேய்க்கிறவர்களும் மானாவாரிக் குடியானவர்களும்தான். அவர்களுக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது. மகேந்திரவர்மன் யார் என்றும் தெரியாது. ஆனால் இந்த இடத்தில் ஒருவன் ஊருக்காகச் செத்தான், அவனைத் தள்ளிவைக்கக் கூடாது என்பது தெரியும். நடுகல்லின் சாரமே அதுதான். எழுத்து அதற்குத் துணை.

மஞ்சள் பூசியதால் எழுத்து தேய்ந்தது என்று குறை சொல்வார்கள். தேய்ந்திருக்கலாம். பூசாமல் விட்டிருந்தால் கல்லே இருந்திருக்காது. கும்பிடாத கல் வீட்டுக்கு வாசற்படியாகப் போயிருக்கும், மதகுக்கு மூடியாகப் போயிருக்கும். கும்பிட்ட கல் மட்டும் நின்றது.

இதில் இன்னொரு வேடிக்கை. ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான நடுகல் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வரும். யாருக்கு அது காணாமல் போயிருந்தது? அந்த ஊரில் ஆடி மாதம் தவறாமல் அதற்குக் கெடா வெட்டுகிறார்கள். ஆய்வாளரை அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போனதே பெரும்பாலும் உள்ளூர்ப் பையன் ஒருவன்தான். செய்தியில் அவன் பெயர் ‘கிராம மக்கள் அளித்த தகவலின் பேரில்’ என்ற ஐந்து வார்த்தைக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழேயே மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற பத்தியும் இருக்கும். ஒரே செய்தியில் இரண்டும் எப்படிச் சேரும் என்று எழுதியவரும் கேட்பதில்லை, படிப்பவரும் கேட்பதில்லை.

அழிவு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது, வேகமாக நடக்கிறது. யார் கையால் என்பதுதான் கேள்வி. மலையடிவாரக் கல்திட்டைகளைச் சில்லு சில்லாக்குவது கல் குவாரி. அதற்கு உரிமம் உண்டு. கோயில் சுவர்க் கல்வெட்டுகளை மணல் வீச்சில் மழித்தது திருப்பணி. அதற்கு டெண்டர் உண்டு. தளம் போட்டுக் கருவறை அதிட்டானத்தைப் பாதி புதைத்தவர் நன்கொடையாளர். அவர் பெயரில் கிரானைட் கல்வெட்டு உண்டு. சாலை விரிவாக்கத்தில் தூக்கி எறியப்பட்ட கல்லுக்கு அரசாணை உண்டு. இவர்களில் யாரும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தார் அல்லர். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்கள். அவர்களை நோக்கிப் பேசினால் வம்பு வரும். துணி துவைக்கும் அம்மாவை நோக்கிப் பேசினால் கைதட்டல் வரும்.

வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், விஜயநகரக் காலச் சிற்ப வேலைக்குப் பெயர் போன கல்யாண மண்டபத்தோடு, மூலவர் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. மத்தியத் தொல்லியல் துறைக்கு அது ஒரு பாதுகாக்கப்பட்ட சின்னம், அவ்வளவுதான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம்தான் இந்தக் கோயிலுக்கு உரியது என்ற நினைவு மட்டும் ஊருக்குள் சாகவில்லை. 1981 மார்ச் 16 அன்று அந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சட்டப்படி அது சரியா என்று இன்றும் வாதாடலாம். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. ஆனால் கருவறை காலியாக இருக்கிறது, அதில் இருந்தது எங்கே என்று இத்தனை காலம் மறக்காத ஓர் ஊரைப் பார்த்து, உனக்குக் கடந்த காலத்தில் அக்கறை இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த அக்கறை அருங்காட்சியகத்தின் அக்கறை மாதிரி இல்லை, உண்மை. வேறு மாதிரி இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

இப்போது கணியம்பாடி. வேலூரிலிருந்து தெற்கே, கண்ணமங்கலம், ஆரணி, திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், காட்பாடி-விழுப்புரம் ரயில் தடத்தில் இருக்கும் ஊர். ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வேலூருக்குக் கோட்டை உண்டு, ஆம்பூருக்கு 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் விழுந்த போர்க்களம் உண்டு, தெற்கே படவேட்டுக்குச் சம்புவராயர் உண்டு. இவற்றுக்கு நடுவே கணியம்பாடிக்கு என்ன உண்டு என்று கேட்டால், பெரிய வரலாற்று நூல்களின் பெயரடைவில் தேடி ஏமாற வேண்டியதுதான். ஆகவே ‘இங்கே வரலாறு ஒன்றும் இல்லை’ என்பார்கள். அதனாலேயே இந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றியத்துக்குள் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். சுற்றுவட்டாரத்தில் அதற்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். வீட்டுக்கு ஒருவராவது சேவையில் இருந்திருப்பார். இப்படிப்பட்ட ஊரில் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், பென்ஷன் ஆணை, எங்கோ பனிமலையடியில் எடுத்த குரூப் போட்டோ, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் கடிதக் கட்டு. இதை யாரும் தூக்கி எறிவதில்லை. வெள்ளம் வந்தால் முதலில் தூக்குவது இந்தப் பெட்டியைத்தான். ஆனால் பக்கத்தில் வேலூரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பில் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோம். 1806தான் முதல் விடுதலைப் போரா, 1857ஆ என்ற பட்டிமன்றத்தை வருடம் தவறாமல் நடத்துகிறோம். சிப்பாய் என்பவன் யார், எந்த வீட்டிலிருந்து போனான், கூலி என்ன, ஏன் போனான், திரும்பி வந்து என்ன வாங்கினான் என்ற கேள்விகளை, சிப்பாய்களின் பேரன் பேத்திகள் வசிக்கும் தெருவில் போய்க் கேட்கத் தோன்றவில்லை. வரலாற்று உணர்வு யாரிடம் குறைந்திருக்கிறது?

கணியம்பாடிக்கு இன்னொரு பெருமை உண்டு, பெருமை என்று சொல்வதா என்று எனக்கே தயக்கம். பாகாயத்தில் இருக்கும், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலத் துறை, ஊர்க்காரர்கள் வாயில் ‘சாட்’, பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தில் வீடு வீடாகப் பதிவு வைத்து வருகிறது. யார் கர்ப்பம், யாருக்குப் பிரசவம், குழந்தை தங்கியதா, யார் எதனால் இறந்தார் என்று ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளரான பெண் ஒருவர் கணக்குச் சொல்ல, செவிலியர் சரிபார்க்க, மருத்துவர் மறுபடி சரிபார்க்க, அது பதிவேட்டில் ஏறும். இந்தியக் கிராமங்களில் இப்படி ஒழுங்காகத் தன் மக்களின் பிறப்பு இறப்பை எழுதி வைத்திருக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. உலக மருத்துவ இதழ்களுக்குக் கணியம்பாடி என்ற பெயர் நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பதிவேடு என்ன சொன்னது என்றும் பாருங்கள். 1994 முதல் 1999 வரை, சுமார் 1,08,000 மக்கள் தொகையில், இறப்பு நடந்த வீடுகளுக்கே போய், எப்படி நடந்தது என்று வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பொறுமையாகக் கேட்டு எழுதிய கணக்கில், தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95க்கு மேல் என்று வந்தது. அரசு நாடு முழுவதற்கும் காட்டிய விகிதத்தைவிட இது பல மடங்கு. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. அடுத்த ஆண்டு லான்செட்டில் வந்த கட்டுரை பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தது: பையன்களில் லட்சத்துக்கு 58, பெண் பிள்ளைகளில் 148. காவல் நிலையக் கணக்கில் வயிற்றுவலி என்று மறைந்துபோனது, தெரிந்த பெண் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது வெளியே வந்தது. மக்கள் பேசினார்கள். அவமானம், வழக்கு, ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் தாண்டி, நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்று பேசினார்கள்.

நம் வரலாற்றுச் சங்கங்கள் சதிக்கல்லை அளந்து, எத்தனை அடி உயரம், கையில் என்ன பூ என்று குறிப்பெழுதும். எழுதட்டும். ஆனால் அந்தக் கல் நிற்கும் வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் 1990களில் பதினாறு வயதுப் பெண்கள் ஏன் செத்தார்கள் என்பதும் வரலாறுதான் என்று எந்தக் கூட்டத்தில் பேசினோம்? ராஜா இறந்தால் வரலாறு, சின்னப் பெண் இறந்தால் புள்ளிவிவரம் என்பது யார் வகுத்த எல்லை?

ஊர்க்காரர்களுக்கு ஆவணத்தின் அருமை தெரியாது என்றும் சொல்வார்கள். இதைச் சொல்பவர் தாலுகா ஆபீஸ் பக்கம் போனதில்லை. ஒரு பங்காளிச் சண்டை வரட்டும், அறுபது வயது மனிதர் தாத்தா காலத்து மூலப் பத்திரத்தை முத்திரைத்தாள் நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார். அ பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன் என்ன சர்வே எண், பின் என்ன எண், எந்த இடத்தில் பெயர் தப்பாக ஏறியது, வில்லங்கச் சான்று எந்த வருஷத்திலிருந்து போட வேண்டும் என்று அத்தனையும் விரல் நுனியில் இருக்கும். 1980இல் கர்ணம் பதவியை ஒழித்தபோது கணக்குக் கட்டு யார் வீட்டிலிருந்து யாரிடம் போனது என்பதும் தெரியும். முனைவர் பட்ட மாணவர்கள் மூன்றாண்டில் கற்றுக்கொள்ளும் ஆவணப் படிப்பை இவர் வழக்குக்காக மூன்று மாதத்தில் கற்கிறார். சொத்துக்காகத்தானே என்று இளக்காரம் பேச வேண்டாம். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளில் பாதிக்குமேல் சொத்துப் பத்திரம்தான்.

வேலூரைச் சுற்றிய தோல் தொழில் வட்டாரத்தில் மக்களின் இந்த நினைவு ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற உள்ளூர் அமைப்பு 1991இல் தாக்கல் செய்த மனு, 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கைக்காக அதைப் படிக்கிறார்கள். நான் அதை வரலாற்று ஆவணமாகவும் படிக்கச் சொல்வேன். தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தீர்ப்பு சொல்கிறது. கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷம் வரை குடித்தோம், பாலாற்று ஊற்றில் எத்தனை அடியில் நீர் வந்தது, எங்கே கரும்பும் வாழையும் நின்றன, எப்போது தென்னை குருத்து கருகியது என்ற கணக்கெல்லாம் விவசாயிகளின் தலைக்குள் இருந்தது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் இழப்பீட்டுக்கு உரியவர்கள் என்று அடையாளம் கண்டவர்கள் 29 ஆயிரத்துக்கும் மேல். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் ஒரு நதியின் கடந்த காலத்தை நீதிமன்றத்தில் நிறுத்தி வைத்திருக்கும் மாவட்டத்துக்கு வரலாற்று உணர்வு இல்லையாம்!

ஆம்பூரில் நிருபதுங்க பல்லவன் காலத்து நடுகற்கள் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டு, மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்த வீரனுக்கு எடுத்தவை. அதே ஆம்பூர் பின்னால் தோலுக்குப் பெயர் பெற்றது. மாட்டை மீட்டுச் செத்தவனுக்குக் கல் உண்டு. செத்த மாட்டை உரித்தவனுக்குக் கல் இல்லை. சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்றவர்கள், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்தவர்கள், 1970களில் அரைகுறையாய்ப் பதப்படுத்திய தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் குரோம் டிரம்முக்கு மாறியவர்கள், அதற்குப் பிறகு ஷூ கம்பெனி வேனில் ஏறிய அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு நூற்றாண்டின் நினைவு இன்னும் உயிரோடு நடமாடுகிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களுக்கு டி. செல்வராஜ் ‘தோல்’ என்று ஒரு நாவலாவது எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பாலாற்றங்கரையில் அந்தத் தலைமுறையினர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் பல்லவன் கல்லுக்குக் கூண்டு கட்டச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மக்களுக்கு இருக்கும் அக்கறை எல்லாம் நல்ல அக்கறை என்று சொல்ல முடியாது. சாதிச் சங்க மாநாட்டு மலரைப் புரட்டினால் எல்லோரும் ராஜ பரம்பரைதான். ஒரே சம்புவராயருக்கும் ஒரே பல்லவருக்கும் பல பேர் பங்காளிகள். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது ஒன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, மற்றது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆனது. 1997இல் பெயர்ச் சண்டையும் சாதிக் கலவரமும் முற்றி, எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு எடுக்க வேண்டி வந்தது. ஆனால் இது என் கட்சிக்குத்தான் சாட்சி. கடந்த காலத்தைப் பற்றிக் கவலைப்படாத மக்கள் பெயர்ப் பலகைக்காகத் தலையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அக்கறை பொங்கி வழிகிறது. குறைவது அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம்: இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, வேறு சான்று என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம். வரலாற்றுச் சங்கம் ஒன்று ஊருக்குத் தரக்கூடியது அந்தப் பழக்கத்தைத்தான். தூங்குகிறவர்களை எழுப்பப் போகிறோம் என்று கிளம்பினால், விழித்திருக்கும் சாதிச் சங்கம் முந்திக்கொள்ளும்.

அந்தப் பழக்கம் வர ஆவணம் கைக்கு எட்ட வேண்டும். எட்டுகிறதா? மத்தியத் தொல்லியல் துறை படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஊட்டியில் இருந்து 1966இல் மைசூருக்குப் போயின. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவா என்று 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. படியெடுத்தவற்றில் பல ஆயிரம் இன்னும் முழுப் பாடமாக அச்சேறவில்லை. அச்சேறியதும் யாருக்குப் போகிறது? வேலூரைச் சுற்றிய கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1890லேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். அதில் விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயநகர மன்னர் தேவராயர் காலம், 1425. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர் என எல்லோரும் கூடி, இனிக் கல்யாணத்தைக் கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள், சாதிக்குப் புறம்பாவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெண் வீட்டார் பணம் வாங்கிய காலம் அது. இன்று பணம் எதிர்த்திசையில் போகிறது. கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய கணியம்பாடித் தாய் ஒருத்திக்கு இதைப் படித்துக் காட்டினால் கொட்டாவி விடுவாளா? அறுநூறு ஆண்டுக்கு முன் போட்ட கையெழுத்து எப்படித் தலைகீழானது என்று அவள் கேட்கும் கேள்வி, எந்தக் கருத்தரங்கில் வரும் கேள்வியையும்விடக் கூர்மையாக இருக்கும். ஆனால் நாம் அவளிடம் சொல்வது, இது ஆயிரம் ஆண்டுக் கோயில், சுவரில் சாயாதே என்பதுதான்.

வேறு வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். தஞ்சையை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழில் ஊர் ஊராகக் கிடைத்த கல்வெட்டுகளின் பாடத்தையே அச்சிட்டுத் தருகிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், தப்பு கண்டுபிடிக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தி, மாணவர்களையே களத்தில் இறக்கினார். கீழடியில் மத்தியத் துறை கால் வைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பாலசுப்பிரமணியம் பிள்ளைகள் கொண்டுவந்த பழம்பொருள்களைச் சேர்த்துவைத்து, அதிகாரிகளுக்கு எழுதினார். கவனித்தீர்களா, அங்கே கொண்டுவந்தது பிள்ளைகள், புரிந்துகொண்டது ஊர் வாத்தியார், தாமதித்தது துறை. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுத்தான் மேடையில் பேசுகிறோம். நம் பக்கத்திலும் திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த் துறையினர் போன்றோர் ஜவ்வாது மலைக்கு நடந்தே போய் நிறையச் செய்திருக்கிறார்கள். அவர்கள் வேலை நன்றாக இருப்பதாலேயே, செய்திக்குறிப்பின் அந்தக் கடைசிப் பத்தி எனக்கு உறுத்துகிறது.

ஆகவே வேலூர் வட்டாரத்து வரலாற்று அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்தப் பத்தியை நிறுத்துங்கள். அடுத்த கூட்டத்தைக் கோட்டை வாசலில் வைக்காமல் கம்மவான்பேட்டையில் வையுங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் குழியில் நின்ற கடைசித் தலைமுறையைப் பதிவு செய்யுங்கள். உருதுவில் பேசினால் உருதுவிலேயே பதிவு செய்யுங்கள். நாகநதியில் நூறு நாள் வேலையில் நீர்செறிவுக் கிணறு வெட்டிய பெண்களிடம், அந்த ஆறு கடைசியாக எந்த மாதம் வரை ஓடியது என்று கேளுங்கள். நடுகல் ஒன்றைப் படித்தால் கூட்டிப்போனவரின் பெயரை, அவர் சம்மதித்தால், முதல் வரியில் போடுங்கள். படித்த பாடத்தை இன்றைய தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி, பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதி, அந்தக் கல்லுக்குப் பூசை போடுகிறவர் கையில் ஒரு பிரதி என்று கொடுத்துவிட்டு வாருங்கள். பஸ் ஏறும் முன் அவர் ஏதாவது திருத்தம் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.